ராய்மதி கண் திறந்த நாள்

செப்டம்பர் 3, செவ்வாய்

குமுடிகுடாவுக்கு வந்து இன்றோடு ஒரு வருஷம். மருந்து அறைக் கூரை மறுபடி ஒழுகி, பஞ்சு மூட்டை நனைந்துபோய், அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டேன். அதைப் பார்த்துவிட்டு இவங்க, "கனி, போன வருஷம் ஜீப்பை விட்டு இறங்கினதும் நீ அழுதியே" என்று சிரித்தாங்க. அழுதது உண்மைதான். பாளையங்கோட்டையில் வீடு கட்டி, நர்ஸ் வேலையிலிருந்து ரிட்டயர்டு ஆகி, இனிமேல் காலை நீட்டி உட்காரலாம் என்ற நேரத்தில் ஒடிசா மலையில் கொண்டுவந்து இறக்கினால் யார்தான் அழமாட்டார்கள். ஊழியத்துக்கு வருவதாகப் பொருத்தனை பண்ணியது இவங்க. ஹெட்மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்த அன்றைக்கே மிஷன் சங்கத்தில் பெயர் கொடுத்தாயிற்று. கூடவே ஒரு நர்ஸ் வருகிறாள் என்பதால்தான் அந்த வயதில் இவங்களைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியும். இவங்களிடம் சொன்னதில்லை.

ஒடியா எனக்கு இப்போது ஓரளவு வாயில் வருகிறது. இவங்களுக்குப் போன வருஷம் வந்த அளவுகூட இப்போது வரவில்லை. வயசுக்கு மேல் புது பாஷை யாருக்கு ஏறும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஆராதனைக்கு வழக்கம்போல் நாலைந்து குடும்பம். ஆடு தொலைந்த பிரசங்கத்தையே இவங்க இன்றைக்கும் சொன்னாங்க. போன வாரமும் அதுதான், அதற்கு முந்தின வாரமும் அதுதான். மேய்ப்பன் மலையில் ஏறும் இடம் வந்ததும், பின்வரிசையில் ஒரு பெண் இவங்களுக்கு முன்பாகவே ஆட்டைப் போலக் கத்திக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். இவங்களுக்கும் ஒரே சந்தோஷம். நல்ல விஷயத்தை எத்தனை தரம் கேட்டால் என்ன.

பாட்டு முடிகிறவரை தொம்ரு வேலிக்கு வெளியே நின்றான். ஊர்த்தலைவரின் தம்பி. நாங்கள் வந்த வாரத்திலேயே எங்களிடம் நேரில் வந்து சொன்னவன்: மருந்துக்கு வருவோம், பாட்டுக்கு வரமாட்டோம், எங்கள் தெய்வத்தைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக வந்தால் அன்றைக்கே ஜீப்பைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். சொன்ன சொல் மாறாதவன். இன்றும் ஜெபம் முடிந்த பிறகுதான் உள்ளே வந்து, மனைவி சுக்ரிக்கு இருமல் மருந்து வாங்கிப்போனான். அவன் சொல்லுக்குப் பயந்தே பாதி ஊர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

செப்டம்பர் 14, சனி

போன் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஏறி மகள் ஷெரினோடு பேசினோம். இவங்க பேசி முடித்ததும் போனை என்னிடம் கேட்டு வாங்கி, "அம்மா, அப்பா ஒரே கேள்வியத் திரும்பத் திரும்பக் கேக்காங்க. ஊருக்குக் கூட்டிட்டு வா, டாக்டர்ட்ட காட்டுவோம்" என்றாள். லைன் விட்டுவிட்டுக் கேட்கிறது, அதனால் திரும்பக் கேட்டிருப்பாங்க என்றேன். "எனக்கு நல்லாத்தானம்மா கேட்டது" என்றாள். மகள்களுக்கு எப்போதும் பயம்.

செப்டம்பர் 20, வெள்ளி

மருந்து அலமாரிச் சாவி இனி என் இடுப்பிலேயே இருக்கட்டும். இவங்களுக்கு எதற்கு அந்தச் சிரமம்.

செப்டம்பர் 27, வெள்ளி

பாறைக்கு ஏறியிருந்தபோது சங்கத்துச் செயலாளர் பாக்கியநாதன் ஐயா போனில் வந்தார். அடுத்த வருஷத்தோடு எங்கள் தவணை முடிகிறது, மேலும் இரண்டு வருஷம் இருக்க முடியுமா என்று கேட்டார். சார் சுகம் எப்படி என்றும் கேட்டார். நன்றாக இருக்காங்க, சர்க்கரைகூடக் கட்டுக்குள் இருக்கிறது என்றேன். இங்கிருந்து போக இவங்களுக்கு மனசே கிடையாது, இவங்களுக்காகத்தான் நானும் இருக்கிறேன் என்றும் சொன்னேன்.

இந்த வாரம் ஒரு கால் உடைந்த ஆளுக்கு மூங்கில் கட்டுப் போட்டேன். ஒரு பிரசவத்தில், வயிற்றுக்குள் தலை மாறிக் கிடந்த பிள்ளையைத் திருப்பி எடுத்தேன். ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் டாக்டர் என்னைத் தொடக்கூட விட்டிருக்கமாட்டார். இங்கே நான்தான் டாக்டர். ஊருக்குள் நடந்தால் பிள்ளைகள் ஓடிவந்து நாக்கை நீட்டிக் காட்டுகின்றன.

அக்டோபர் 9, புதன்

நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன்.

காலையில் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து பிரசவத்துக்கு ஆள் வந்தது. இவங்களுக்குச் சோறும் பருப்பும் மூடிவைத்து, காலை மாத்திரையை என் கையாலேயே கொடுத்துவிட்டு, அலமாரியைப் பூட்டிச் சாவியோடு கிளம்பினேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. திரும்பி ஓடையைத் தாண்டும்போது ஒரு பெண் எதிரே ஓடிவந்தாள். தொம்ரு மகள் ராய்மதி செத்துக்கொண்டிருக்கிறாள், பெரியவரும் அங்கேதான் இருக்கிறார் என்றாள். ஊரில் இவங்களைப் பெரியவர் என்றுதான் சொல்வார்கள்.

ஊரே அந்த வீட்டு வாசலில் நின்றது. உள்ளே ராய்மதி பாயில் கிடந்தாள். எட்டு வயதுப் பிள்ளை. ஊர்ப் பூசாரி மூலையில் அரிசியைப் பரப்பி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அவரால் ஆனது முடிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. தொம்ரு சுவரோடு சுவராக நின்றான். இவங்க பிள்ளையின் தலையில் கைவைத்து, முழங்காலில் நின்று, தமிழில் ஜெபித்துக்கொண்டிருந்தாங்க. கல்யாணமான நாளிலிருந்து இவங்க ஜெபத்தைக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு ஜெபத்தைக் கேட்டதில்லை. யாருடைய சட்டையையோ பிடித்து உலுக்குவது போல் இருந்தது.

பிள்ளையைத் தொட்டேன். உடம்பு குளிர்ந்து, வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பல் கிட்டியிருந்தது. இரண்டு நாளாகக் காய்ச்சல், காலையில் பெரியவரிடம் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், அதற்குப் பிறகுதான் இப்படி என்று சுக்ரி அழுதாள். என்ன மாத்திரை என்று நான் கேட்கவில்லை. பைக்குள் இவங்களுக்குச் சர்க்கரை பார்க்கும் மெஷின் இருந்தது. பிள்ளை விரலில் குத்திப் பார்த்தேன். எண் எதுவும் வரவில்லை, மிகக் குறைவு என்ற எழுத்துதான் வந்தது. குளுக்கோஸ் மருந்தை ஊசியில் ஏற்றி, கை நரம்பைத் தேடி மெதுவாகச் செலுத்தினேன். செலுத்தி முடிக்கவும், இவங்க ஆமென் என்று சொல்லவும், பிள்ளை கண்ணைத் திறக்கவும் சரியாக இருந்தது.

ராய்மதி எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். தொம்ரு நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். பூசாரி தன் அரிசியைக் கூட்டி முடிந்துகொண்டு வெளியே போனார். எல்லோரும் இவங்களையே பார்த்தார்கள்.

ஊசியை நான் மறைக்கவில்லை. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அக்டோபர் 10, வியாழன்

இன்று காலைவரை அந்த வீட்டிலேயே இருந்து, ராய்மதிக்கு வெல்லக் கஞ்சியும் சர்க்கரைத் தண்ணீரும் விடாமல் கொடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தரம் மறுபடி துவண்டாள். மறுபடி ஊசி போட்டேன். காய்ச்சலுக்கு எதற்கு இவ்வளவு சர்க்கரை என்று சுக்ரி கேட்டாள். தெம்புக்கு என்றேன். இப்போது கோழியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாள்.

வீட்டுக்கு வந்து இவங்க மாத்திரை டப்பாவைத் திறந்தேன், மூடினேன். அட்டையில் எத்தனை மிச்சம் இருந்தது என்று எனக்கு நினைவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடக்கும் பிள்ளைக்குச் சர்க்கரை தானாகவே இறங்கும். அப்படி நடப்பது உண்டு. படித்திருக்கிறேன்.

டப்பாவையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

வீடு கொள்ளவில்லை. முற்றத்திலும் உட்கார்ந்தார்கள். தொம்ரு, சுக்ரி, ராய்மதி மூன்று பேரும் முன்வரிசையில். இவங்க சாட்சி சொன்னாங்க. பிள்ளை மூச்சில்லாமல் கிடந்தாள் என்றாங்க. மூச்சு இருந்தது.

அக்டோபர் 19, சனி

தொம்ரு வந்தான். வேலிக்கு வெளியே நிற்காமல் நேரே உள்ளே வந்து இவங்க காலடியில் உட்கார்ந்தான். தானும் குடும்பமும் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்றான். இவங்க கண்கலங்கிப்போய் அவன் தலையில் கைவைத்தாங்க.

அவசரப்பட வேண்டாம், அண்ணனிடம் பேசினாயா என்று நான் கேட்டேன். தொம்ரு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "அம்மா, நீங்க எத்தனையோ பேருக்கு ஊசி போட்டிருக்கீங்க. சில பேர் பிழைச்சாங்க, சில பேர் செத்தாங்க. எல்லாருமே மெதுவாத்தான். என் மக தூங்கி எழுந்த மாதிரி எழுந்தா. பெரியவர் கை வைச்சதும் எழுந்தா. நான் பாத்தேன்."

காய்ச்சலில் மெதுவாகத்தான் எழுவார்கள். அவன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான்.

அக்டோபர் 25, வெள்ளி

பாக்கியநாதன் ஐயாவுக்கு விஷயம் எட்டிவிட்டது. இவங்களே பாறைக்கு ஏறிப் போனில் சொல்லியிருக்காங்க. நவம்பர் இருபத்துநாலு, ஞாயிற்றுக்கிழமை, ஓடையில் ஞானஸ்நானம் என்று நாள் குறித்தாயிற்று. தொம்ரு குடும்பம் முதலில், பிறகு வேறு சில வீடுகள். ஐயா நேரில் வருகிறார். வீடியோ எடுக்க ஆட்களையும் கூட்டி வருகிறார். ஜனவரி கன்வென்ஷனில் காட்ட வேண்டுமாம்.

நவம்பர் 2, சனி

அறுப்புப் பண்டிகை. தொம்ரு இந்த வருஷம் ஊர்த் தெய்வத்துக்குப் புது நெல் படைக்கவில்லை. அவன் அண்ணன் ஊர் கூடிய இடத்தில், இனி எனக்குத் தம்பி இல்லை என்று சொல்லிவிட்டாராம். பொதுக் கிணற்றில் சுக்ரியைக் குடம் இறக்க விடவில்லை. அவள் ஓடைத் தண்ணீரைச் சுமந்துகொண்டு எங்கள் வீட்டைக் கடந்து போனாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். கர்த்தருக்காக, என்றாள்.

நான் உள்ளே வந்து அலமாரியைத் திறந்து அந்த அட்டையை எடுத்து எண்ணினேன். இரண்டு குறைகிறது. முதல் நாளே எனக்குத் தெரியும்.

நவம்பர் 6, புதன்

காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு இவங்க வெளியே போய்விட்டாங்க. பாத்திரம் கரிந்துபோயிற்று. தேடிப் போனால் ஓடைக்கரையில் நின்று, நம்ம வீட்டுக்கு எந்தப் பக்கம் போகணும் என்று ஒரு மாட்டுக்காரரிடம் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தாங்க. கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். வெயில் அதிகம்.

வழியில் ராய்மதியின் கதையை எனக்கே சொன்னாங்க, நான் அறியாதவள் போல. சொல்லி முடித்து, "நீ அன்னைக்கு எங்க இருந்த, கனி?" என்று கேட்டாங்க.

நவம்பர் 15, வெள்ளி

ஞானஸ்நானத்துக்கு இடம் பார்க்கப் பாக்கியநாதன் ஐயா வந்தார். இவங்க மத்தியானம் படுத்திருந்த நேரத்தில் அவரை மருந்து அறைக்கு அழைத்து அட்டையைக் காட்டினேன். காய்ச்சல் மாத்திரை என்று நினைத்துத் தன் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்திருக்காங்க, பிள்ளை விழுந்தது அதனால்தான், ஊசியில்தான் எழுந்தாள் என்றேன். ஏதோ அவசரத்தில் கை மாறியிருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் நல்ல மனிதர். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க அந்த நேரத்துக்குச் சரியா வந்து சேந்தீங்களே, கையில மருந்தும் இருந்துச்சே, அது யாரு செயல்?" என்று கேட்டார்.

கர்த்தர் செயல்தான் என்றேன். அதை நான் இன்றும் நம்புகிறேன்.

"அப்புறம் என்ன? நம்ம தப்பைக்கூட அவர் நன்மையா முடிச்சிருக்கார். இத வெளிய சொன்னா சார் மனசு உடையும். இத்தனை பேர் விசுவாசம் உடையும். யாருக்கு என்ன லாபம்?"

ஐயாவுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகு, அடுப்படியில் நிற்கும்போதுதான் பதில் வந்தது. தொம்ரு நாங்கள் சொன்ன செய்தியை நம்பி ஞானஸ்நானம் எடுக்கவில்லை; அவன் கண்ணால் பார்த்ததை நம்பி எடுக்கிறான். அவன் பார்த்தது பொய் என்பது இந்த மலையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நவம்பர் 18, திங்கள்

ஜெபிக்க உட்கார்ந்தேன். எழுந்துவிட்டேன்.

நவம்பர் 20, புதன்

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தபடியே அரிசி களைந்தேன். அடிப்பார்கள் என்று பயமில்லை. துரத்துவார்கள். அப்புறம் இந்த மலையில் தலை மாறிக் கிடக்கும் பிள்ளையை யார் திருப்புவது. இப்படி நினைக்கும்போது எனக்கே ஒரு சந்தேகம் வந்தது, பிள்ளைகளுக்காக நினைக்கிறேனா என்று. அரிசியைக் களைந்த தண்ணீரோடு பாதி கொட்டிவிட்டேன்.

நவம்பர் 22, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

தொம்ரு ஓடையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, ஞானஸ்நானத்துக்கு ஆழம் வேண்டும் என்று கடப்பாரையால் கல்லைப் பெயர்த்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தான். தனியாக இருந்தான். நான் கரையில் உட்கார்ந்து ஒடியாவில் வார்த்தை தேடினேன்.

"தொம்ரு, அன்னைக்கு ராய்மதி விழுந்தது காய்ச்சலால இல்ல."

அவன் வேலையை நிறுத்தவில்லை.

"இவங்க சாப்பிடுற மாத்திரையை அவளுக்குக் குடுத்துட்டாங்க. பெரியவங்களுக்கு ரத்தத்துல இருக்கிற சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரை. சின்னப் பிள்ளைக்கு அது விஷம். அதனாலதான் விழுந்தா. அதுக்கு மாத்து மருந்தை நான் ஊசியில போட்டேன். அதனாலதான் எழுந்தா."

கடப்பாரை நின்றது. தண்ணீர் அவன் இடுப்பைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

"பெரியவருக்கு இது தெரியுமா?"

"தெரியாது. அவங்களுக்கு இப்ப ஒண்ணும் நினைவுல நிக்கிறதில்ல. மறதி வியாதி."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

அவன் கரையேறினான். என் முன்னால் நின்றான். கடப்பாரை கையில் இருந்தது. என் மகள் செத்திருந்தால் அப்போதும் சொல்லியிருப்பீர்களா என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை. என் அண்ணன் முகத்தில் நான் முழித்து மூன்று வாரம் ஆகிறது என்றான். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட ஊரைப் பார்த்து நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

மறதி வியாதி என்ற சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. ஷெரினிடம்கூடச் சொன்னதில்லை.

நவம்பர் 23, சனி

ஒருவரும் மருந்துக்கு வரவில்லை. காலையிலிருந்து ஒரு பிள்ளைகூட இந்தப் பக்கம் வரவில்லை. ஊர்ப் பக்கம் ஆண்கள் கூடிப் பேசுகிற சத்தம் கேட்கிறது, கேட்கிறது, அப்புறம் சட்டென்று அடங்குகிறது. பெட்டியை எடுத்து இரண்டு பேருக்குமான துணிகளை மடித்து வைத்தேன். கதவுக்கு உள்தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. அரிவாள்மனையை அதன் பின்னால் வைத்தேன், பிறகு வெட்கப்பட்டு எடுத்துவிட்டேன்.

இவங்க நாளைக்குப் போட வெள்ளை ஜிப்பாவைத் துவைத்துத் தரச் சொன்னாங்க. துவைத்தேன். இவங்களிடம் இன்றே சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பர் 24, ஞாயிறு

பாக்கியநாதன் ஐயாவின் ஜீப் வந்தது. கேமராவோடு இரண்டு பேர். இவங்க வெள்ளை ஜிப்பாவோடு எல்லோருக்கும் முன்னால் ஓடைக்குப் போய், தொம்ரு ஆழப்படுத்திய இடத்தில் இறங்கி நின்றாங்க. வெயில் ஏறியது. ஒருவரும் வரவில்லை. வழக்கமாகப் பாட வரும் நாலைந்து பழைய குடும்பங்கள்கூட வரவில்லை.

ஐயா என்னைப் பார்த்தார். தொம்ருவிடம் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஜனங்க எங்க, கனி?" என்று தண்ணீரில் நின்றபடியே இவங்க கேட்டாங்க. நான் சேலையோடு இறங்கி, கையைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்து கல்லில் உட்காரவைத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, மாத்திரை, ஊசி. இவங்க பாடம் கேட்கும் பையனைப் போல் என் வாயையே பார்த்துக் கேட்டாங்க. பிறகு தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாங்க.

"இந்தக் கையாலயா?"

ஆமா என்றேன்.

"பிள்ளை இருக்காளா?"

இருக்காள், நல்லா இருக்காள் என்றேன்.

"அப்ப வா, போவோம்."

ஈர ஜிப்பாவோடு ஊருக்குள் நடந்தாங்க. ஐயா தடுத்துப் பார்த்தார், கேட்கவில்லை. வாசல்களில் நின்றவர்கள் உள்ளே போனார்கள். ஒரு கல் வந்து எங்களுக்கு முன்னால் விழுந்தது. யார் எறிந்தது என்று நான் பார்க்கவில்லை. இவங்க அதைத் தாண்டி நடந்தாங்க.

தொம்ரு வாசலுக்கு வந்தான். அவன் பின்னால் ராய்மதி எட்டிப் பார்த்தாள், சுக்ரி அவளை உள்ளே இழுத்துக்கொண்டாள். இவங்களுக்கு ஒடியா ஒரு வார்த்தைகூட வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்காலில் நின்று, கைகூப்பி, "என்ன மன்னிச்சிருப்பா" என்றாங்க தமிழிலேயே. நான் மொழிபெயர்க்கப் போனேன். வேண்டாம் என்பதுபோல் தொம்ரு கையைக் காட்டினான். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நவம்பர் 25, திங்கள்

காலையில் எழுந்ததும், "ஜனங்க ஏன் வரல, கனி? நேத்து ஞாயித்துக்கிழமைதான?" என்று கேட்டாங்க.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மறுபடி கையை விரித்துப் பார்த்தாங்க. மறுபடி, "இந்தக் கையாலயா?" நேற்று அழாதவங்க இன்று அழுதாங்க. சாப்பிடவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

இன்றும் கேட்டாங்க. மழை, அதனால் வரவில்லை என்றேன். சரி என்று சொல்லி, தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டாங்க.

டிசம்பர் 3, செவ்வாய்

பாக்கியநாதன் ஐயா மறுபடி வந்து எங்களோடு ஒரு நாள் தங்கினார். ஜனவரியில் இங்கே வேறொரு நர்ஸ் வருகிறாள், நாகர்கோவில்காரப் பெண். அதுவரை நான் இருந்து அவளிடம் ஒப்படைத்துவிட்டு, பிறகு ஊருக்கு. ஊர்க்காரர்கள் இருக்க விடுவார்களா என்று ஐயாவுக்குப் பயம். தொம்ருவின் அண்ணனிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். ஒருவரும் எங்களைத் தொடமாட்டார்கள், ஆனால் ஒருவரும் எங்களிடம் வரவும் மாட்டார்கள் என்றாராம். தொம்ரு தெய்வத்துக்கு ஒரு ஆட்டை வெட்டி, அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். சுக்ரி கிணற்றில் தண்ணீர் எடுக்கிறாள். அந்த மட்டும் நிம்மதி.

புறப்படும்போது ஐயா, இவங்க தோளில் கைவைத்து, "ஊருக்குப் போவமா சார்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் அடுப்படியில் நின்று இவங்க பதிலுக்காகப் பயந்துகொண்டிருந்தேன். இவங்க முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "இன்னைக்கேவா?" என்றாங்க.

இவங்களுக்குப் போக மனசில்லை, இவங்களுக்காகத்தான் இருக்கிறேன் என்று ஷெரினிடம் சொன்னேன், ஐயாவிடம் சொன்னேன், இதே நோட்டில் எழுதியும் வைத்தேன். ஊரில் வீட்டுக்குள் இருந்து இவங்களைப் பார்த்துக்கொள்கிற மனைவியாக மட்டும் ஆகிவிடுவேன் என்று பயந்து, இங்கே டாக்டராக இருக்க ஆசைப்பட்டது நான். வியாதி தெரிந்தும் இவங்களைத் தனியாக விட்டுவிட்டு மலை ஏறியது நான். அந்தக் கையை மட்டும் குற்றம் சொல்லி என்ன.

டிசம்பர் 7, சனி

காலையில் முற்றத்தில் இவங்களை வெயிலில் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். வேலிப் படல் திறந்தது. தொம்ரு. கையில் அவனுடைய கடைசிப் பிள்ளை, கைக்குழந்தை, சுருண்டு கிடந்தான். மூச்சு இழுக்கிற சத்தம் வாசலிலிருந்தே கேட்டது.

நான் எண்ணெய்க் கையோடு அப்படியே நின்றேன்.

"நீங்க பாருங்க. மருந்தை நீங்களே உங்க கையால குடுங்க. என்ன மருந்துன்னும் சொல்லுங்க" என்றான்.

குழந்தையை வாங்கி நெஞ்சில் காதை வைத்தேன். சளிக் காய்ச்சல்; இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம். மருந்தை எடுத்து, பெயரைச் சொல்லி, எதற்கு, எவ்வளவு, கொடுத்தால் என்ன ஆகும், ஆகாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாம் சொன்னேன். அவன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினான். முதல் வேளையைப் புகட்டினேன். சாயங்காலம் மறுபடி கொண்டுவா என்றேன். தலையாட்டினான்.

அவன் படல்வரை போனபோது இவங்க கூப்பிட்டாங்க. என்ன அதிசயமோ, ஒடியாவிலேயே கூப்பிட்டாங்க.

"தொம்ரு, மழையினால ஜனங்க ஆராதனைக்கு வரலன்னு கனி சொல்லுதா. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நீயாவது வருவியா?"

தொம்ரு நின்றான். என்னைப் பார்த்தான். பிறகு அண்ணாந்து பார்த்தான். மலைக்கு மேலே வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. இவங்க தலையில் எண்ணெய் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

குழந்தையின் முகத்தில் வெயில் படாமல் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னான்:

"மழை விடட்டும், ஐயா."